பித்தளைக் கும்பத்துக்குள் ஓர் ஓசை

வடகரையில் எங்கள் தெருவின் மூன்றாவது வீட்டில் ஒரு பித்தளைக் கும்பம் இருந்தது. கோபுரக் கலசத்தின் நுனியை மட்டும் அறுத்து எடுத்து வைத்ததுபோல உருவம். உள்ளங்கையில் அடங்கும்; தூக்கினால் கை இறங்கும். ஆனி, ஆடியில் மேக்கரைப் பக்கமிருந்து சாரல் காற்று இறங்கும்போது அந்த வீட்டு நிலைக்கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும். அப்போது கதவுக்கு முட்டுக்கொடுப்பது அந்தக் கும்பம்தான். அந்த வீட்டுத் தாத்தாவின் அப்பா முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் படையோடு மெசபடோமியாவின் பஸ்ராவுக்குப் போனவர். திரும்பி வரும்போது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது என்று சொல்வார்கள்.

தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுகிலுக்கும். யார் ஆட்டினால் சத்தம் அதிகம் என்று போட்டி வேறு. தாத்தா திண்ணையிலிருந்து அதட்டுவார்: “ஏல, அதக் கீழ வை. கால்ல போட்டேன்னா வெரலு நசுங்கிரும்.” அவருக்குத் தெரிந்த ஆபத்து அவ்வளவுதான். எங்களுக்கு அதுவும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டைப் பிரித்துக் கட்டினார்கள். பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கு நடுவே கும்பமும் வந்தது. தாத்தாவின் பேரன் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, “அண்ணே, இது என்னன்னு பாருங்க” என்று கேட்டான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிவிளிம்பில் ‘80’ என்ற எண். பக்கத்தில் முக்கோண முனையுள்ள அம்புக்குறி. சற்றுத் தள்ளி ‘16’. நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். கீழ்வளையத்தின் ஓரத்தில் அளவுகோல்போலச் சின்னச் சின்னக் கோடுகள். அது கலசமும் இல்லை, காகிதம் பறக்காமல் வைக்கும் கனமும் இல்லை. பீரங்கிக் குண்டின் மூக்கு. ஃபியூஸ்.

திரியிலிருந்து தொடங்கிய கதை

ஃபியூஸ் என்றதும் நமக்கு மின்பலகை நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. பீரங்கிக் குண்டின் ஃபியூஸுக்கு நம் மொழியில் நெருங்கிய சொல் திரிதான். சிவகாசிச் சரவெடியிலும், கோயில் கொடை அதிர்வேட்டிலும், கிணறு வெட்டப் பாறையில் வைக்கும் தோட்டாவிலும் திரி செய்கிற வேலை ஒன்றே: பற்றவைத்தவர் விலகிப் போகும்வரை தாமதித்து, அதன்பின் மருந்தைத் தொடுவது.

இந்த மண்ணில் பாளையக்காரர் காலத்துப் பீரங்கிப் போரில் பெரும்பங்கு திரியே இல்லாத குண்டுகளுக்குத்தான். வெறும் இரும்பு உருண்டை. வேகத்தால் மட்டுமே இடிப்பது. 1759இல் கம்பெனிப் படைத்தளபதி யூசுப் கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பினார். 1767இல் கர்னல் டொனால்டு காம்ப்பெல் மறுபடி பீரங்கிகளோடு வந்த பிறகே அது விழுந்தது. வடகரைப் பாளையமும் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் நம்பியிருந்தவை மண்சுவர்கள். கருங்கல் சுவரில் இரும்பு உருண்டை மோதினால் கல் பிளந்து தெறிக்கும். வைக்கோலோடு பிசைந்து ஏற்றிய தடித்த மண்சுவரோ உருண்டையின் வேகத்தை விழுங்கி, அதைத் தனக்குள்ளேயே புதைத்துக்கொள்ளும். குண்டு உள்ளே போன பிறகு வெடித்தால் மட்டுமே அத்தகைய சுவருக்குச் சேதம் பெரிது.

அதற்கு உள்ளீடற்ற குண்டு வேண்டும். குண்டுக்குள் கருமருந்து, வாயில் ஒரு மரத்திரி. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் பீச் மரத்தைக் கடைந்து, நடுவில் துளையிட்டு, மருந்து இடித்து அந்தத் திரியைச் செய்தன. எத்தனை விநாடி தாமதம் வேண்டுமோ அந்த அளவுக்குத் திரியை அறுத்துச் செருக வேண்டும். தொடக்கத்தில் வீரர்கள் முதலில் குண்டின் திரியையும் அடுத்துப் பீரங்கியையும் பற்றவைத்தார்கள். பீரங்கி சுடத் தவறினால் குழலுக்குள்ளேயே குண்டு வெடிக்கும். பீரங்கியின் தீயே திரியையும் பற்றவைத்துவிடும் என்று கண்டுகொண்ட பிறகு அந்த இரட்டை வேலை ஒழிந்தது. 1784இல் ஹென்றி ஷ்ராப்னல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி உருண்டைக்குள் சின்னச் சின்ன ரவைகளை அடைத்து, எதிரியின் தலைக்கு மேலே வெடிக்கவைக்கும் வழி கண்டார். 1803இல் பிரிட்டிஷ் படை அதை ஏற்றுக்கொண்டது. விநாடிக் கணக்கு அப்போது உயிர்க்கணக்கு ஆனது. அரை விநாடி முந்தினால் ரவை வீண். அரை விநாடி பிந்தினால் குண்டு மண்ணில்.

இரண்டு பூட்டு

ஃபியூஸ் செய்பவர் முன்னால் நிற்கும் கேள்வி எளிதாகச் சொல்லக்கூடியது, செய்து முடிக்கக் கடினமானது. தொழிற்சாலையிலும் ரயில் பெட்டியிலும் கழுதை முதுகிலும் வீரனின் கையிலும் இது வெடிக்கவே கூடாது. பீரங்கியை விட்டுப் போன பிறகு வெடித்தே ஆக வேண்டும். கண்ணும் மூளையும் இல்லாத ஓர் உலோகத்துண்டு, தான் பீரங்கியிலிருந்து சுடப்பட்டுவிட்டோம் என்பதை எப்படித் தெரிந்துகொள்ளும்?

விடை பள்ளிக்கூட இயற்பியல்தான். செங்கோட்டை பஸ் சட்டென்று கிளம்பும்போது பின்னால் சாய்கிறோம் அல்லவா? அது நிலைமம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் முக்கியப் பீரங்கியான 18 பவுண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் குழல் ஏறத்தாழ 2.3 மீட்டர். குண்டு அந்தத் தூரத்துக்குள் நின்ற நிலையிலிருந்து விநாடிக்கு 490 மீட்டர் வேகத்தை எட்டிவிடும்; எடுத்துக்கொள்ளும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப்போல 5,000 மடங்குக்கு மேல் வருகிறது. தடித்த பழைய ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம். அந்தக் குண்டுக்குள் இருந்தால் அது கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டையின் எடையோடு பின்னால் அழுத்தும்.

ஃபியூஸுக்குள் இருக்கும் ஒரு சிறு உலோகத்துண்டை மெல்லிய வளையமோ சுருள்வில்லோ பிடித்து வைத்திருக்கும். கையால் ஆட்டினால் அந்தப் பிடி விடாது. சிமென்ட் மூட்டை எடை வந்தால் விட்டுவிடும். முதல் பூட்டு திறந்தது.

ஆனால் கல்தரையில் விழுந்தாலும் ஒரு கணம் பெரிய அதிர்ச்சி கிடைக்குமே? அதனால்தான் நல்ல ஃபியூஸ்களில் இரண்டாவது பூட்டும் வந்தது. பீரங்கிக் குழலின் உட்புறத்தில் திருகாணிப் புரிபோல வரிகள் ஓடும். அந்த வரிகளில் வழுக்கி வெளியேறும் குண்டு பம்பரமாகச் சுழலும். 18 பவுண்டர் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 200 சுற்று சுற்றியது. அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் துண்டை அந்தச் சுழற்சி புவியீர்ப்பைவிட 1,500 மடங்கு விசையோடு வெளியே தள்ளும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்கிறதே, அதே விசை. கீழே விழும் எந்தப் பொருளும் இப்படிச் சுழலாது. ஆகவே, அழுத்தமும் சுழற்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது பீரங்கியாகத்தான் இருக்க முடியும்.

1916இன் பிற்பகுதியில் பிரிட்டன் கொண்டுவந்த 106ஆம் எண் ஃபியூஸ் இந்தச் சுழற்சியை அழகாகப் பயன்படுத்தியது. அதன் நுனித் தண்டில் ஒரு பித்தளை நாடாவைப் பம்பரக் கயிறுபோலச் சுற்றி வைத்திருப்பார்கள். குண்டு குழலை விட்டு வெளியே வந்து சுழலும்போது நாடா தானாக அவிழ்ந்து பறந்துவிடும். அதன்பின் தண்டு புல் நுனியைத் தொட்டாலும் குண்டு வெடிக்கும். அதுவரை மண்ணுக்குள் புதைந்து வெடித்து, பள்ளத்தை மட்டும் விட்டுச்சென்ற குண்டுகள் இப்போது தரைமட்டத்திலேயே வெடித்து முள்கம்பி வேலிகளை அறுத்தன.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் ஃபியூஸுக்குள் சின்ன ரேடியோவையே வைத்துவிட்டார்கள். அனுப்பிய அலை விமானத்தில் பட்டுத் திரும்பினால் வெடிக்கும். அதன் பேட்டரியில் திரவம் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும். சுடும் அதிர்ச்சியில் குப்பி உடையும்; சுழற்சி அந்தத் திரவத்தைத் தகடுகளுக்கு இடையே பரப்பும்; மின்சாரம் பிறக்கும். அங்கேயும் அதே இரண்டு சாவிகள். 1943 ஜனவரி 5ஆம் தேதி ‘ஹெலினா’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் பசிபிக்கில் ஒரு ஜப்பானிய விமானத்தை இதைக்கொண்டு முதன்முறையாக வீழ்த்தியது.

கொசுவத்திச் சுருளும் கீழ்வளையமும்

எங்கள் தெருக் கும்பம் 80ஆம் எண் ஃபியூஸ். நேரக்கணக்கில் வெடிக்கும், மோதினாலும் வெடிக்கும். இரண்டு வேலையும் தெரிந்தது. நேரத்தை அளப்பவை அந்த இரண்டு வளையங்கள்.

கொசுவத்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளம் விட்டுவைக்கிறோமோ அவ்வளவு நேரம் எரியும். ஃபியூஸின் ஒவ்வொரு வளையத்தின் அடிப்பக்கத்திலும் ஒரு பள்ளம் வட்டமாக ஓடும். அதில் கருமருந்தைக் கெட்டியாக அழுத்தி அடைத்திருப்பார்கள். மேல்வளையம் நகராது, கீழ்வளையத்தைத் திருப்பலாம். சுட்டவுடன் மேல்வளையத்தில் தீப்பிடித்து ஒரு திசையில் ஓடும். கீழ்வளையத்தின் தொடக்கம் எங்கே நிற்கிறதோ அங்கே தீ ஒரு துளை வழியாகக் கீழே இறங்கும். பிறகு எதிர்த்திசையில் திரும்பி ஓடி, மருந்தறைக்குப் போகும் துளையை எட்டும். கீழ்வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் மேலே ஓடும் தூரமும் கூடும், கீழே ஓடும் தூரமும் கூடும். 80ஆம் எண்ணின் அளவுகோல் 0 முதல் 22 வரை. பீரங்கிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் வீரன், அதிகாரி கூவும் எண்ணுக்கு ஒரு சாவியால் வளையத்தைத் திருப்பிக் குண்டை நீட்டுவான். அவ்வளவுதான் அவன் வேலை. அந்த எண்ணில் அவன் தவறினால் ரவைகள் சொந்தப் படையின் மேலேயே கொட்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. கருமருந்தின் எரிவேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. விமானங்களைச் சுட மேல்நோக்கி அனுப்பியபோது, உயரத்தில் காற்று மெலிந்து திரி மெதுவாக எரிந்தது. சிலசமயம் அணைந்தே போனது. பின்னாளில் கடிகாரப் பொறிகொண்ட ஃபியூஸ்கள் பெருக இது ஒரு முக்கியக் காரணம்.

உலோகத்தில் எழுதியிருப்பது

பழைய ஃபியூஸ்களை அடையாளம் காண்பவர்கள் கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு உறவுமுறை. குண்டின் எஃகு உடல் துண்டு துண்டாகும்; எஞ்சியது துருப்பிடித்து மண்ணோடு போகும். பித்தளை நிற்கும். அதில் செதுக்கிய எழுத்தும் நிற்கும். வடிவம், எண், ஆண்டு, தொழிற்சாலைக் குறி, அளவுகோலின் அலகு, உலோகம் என்று வரிசையாகப் படித்துக்கொண்டு போக வேண்டும்.

எண்ணும் வடிவமும் குடும்பத்தைச் சொல்லும். பிரிட்டிஷ் ஃபியூஸில் மாதிரி எண்ணை ஒட்டி, எத்தனையாவது திருத்தம் என்பதை ரோமன் எண்ணில் குறித்திருப்பார்கள். அம்புக்குறி, அது பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். ‘ஆர்.எல்.’ என்றிருந்தால் லண்டன் வூல்விச்சில் இருந்த அரசு வெடிமருந்துத் தொழிற்சாலை. எங்கள் கும்பத்தின் ‘16’ அது பிறந்த ஆண்டு, 1916.

அளவுகோலின் அலகு நாட்டைக் காட்டிக்கொடுக்கும். 80ஆம் எண்ணின் அளவு எரியும் நேரத்தை ஒட்டியது. எந்தத் தூரத்துக்கு எந்த எண் என்பதை அட்டவணையில் பார்க்க வேண்டும். அதே காலத்து ஜெர்மன் களப்பீரங்கி ஃபியூஸில் தூரமே மீட்டர் கணக்கில் செதுக்கியிருக்கும். அட்டவணை வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பீரங்கியைத் தவிர வேறு பீரங்கிக்கு அந்த எண்கள் பொருந்தாது. பிரெஞ்சுக்காரர்களின் 75 மி.மீ. பீரங்கி ஃபியூஸில் சுழலும் வளையமே கிடையாது. கூம்பைச் சுற்றி மருந்து அடைத்த ஈயக்குழாய் சுருண்டிருக்கும். வேண்டிய எண்ணில் ஒரு கருவியால் துளை குத்திவிடுவார்கள். ஒரே சிக்கல், மூன்று நாடுகள், மூன்று மனப்பாங்கு.

உலோகம் போரின் பஞ்சத்தைச் சொல்லும். போர் தொடங்கும்போது ஜெர்மன் ஃபியூஸ்கள் தகதகக்கும் பித்தளையில் வந்தன. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் செம்பு அரிதானபின் எஃகும் துத்தநாகக் கலவையும் அந்த இடத்துக்கு வந்தன. ஒரு தட்டில் ஆண்டுவாரியாக அடுக்கினால், பேரரசு ஒன்று பட்டினியில் இளைத்த கதை நிறத்திலேயே தெரியும்.

80ஆம் எண் ஃபியூஸ்கள் சிலவற்றில் ‘கே.பி.இஸட்.’ என்ற எழுத்துகளும் உண்டு. அது ஜெர்மனியின் குரூப் நிறுவனத்துக் காப்புரிமைக் குறி. போருக்கு முன் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் குரூப்பிடம் உரிமம் வாங்கித்தான் இந்த வகையைச் செய்யத் தொடங்கியது. இரண்டு நாடுகளும் பகையான பிறகும் அந்த எழுத்துகள் அழியவில்லை. ஜெர்மன் வீரர்களின் தலைக்கு மேல் வெடித்த ஃபியூஸ், ஜெர்மன் மூளையில் பிறந்தது. போர் முடிந்தபின் குரூப் உரிமத் தொகை கேட்டு வழக்காடியது. 1926இல் விக்கர்ஸ் ஒரு தொகை கொடுத்துத் தீர்த்தது.

தமிழ்நாட்டில் இந்தப் போரின் நேரடித் தடயம் சென்னையில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ‘எம்டன்’ என்ற ஜெர்மன் கப்பல் மதராஸ் கரையை நெருங்கி, 10.5 செ.மீ. பீரங்கிகளால் ஏறத்தாழ 125 குண்டுகளைச் சுட்டுவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல் இன்றும் அந்த இரவைச் சொல்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்தக் குண்டின் துண்டைப் பார்க்கலாம். கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று நாம் சொல்வதும் அந்த இரவிலிருந்துதான். குண்டுத் துண்டு கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன் ஓசை மொழிக்குள் இருக்கிறது.

களிம்பு என்று நினைப்பது

நூறு ஆண்டு ஆகிவிட்டதே, மருந்து நமுத்துப் போயிருக்காதா? பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நமுத்துப்போன பட்டாசு நமக்குப் பழக்கம். ஃபியூஸின் வேதியியல் அப்படி இல்லை.

ஃபியூஸுக்குள் முதலில் வெடிக்கும் சிறு மருந்து மிக உணர்ச்சியுள்ளது. முதல் உலகப் போர்க் காலத்தில் பெரும்பாலும் பாதரச ஃபல்மினேட். அடுத்து வந்தவற்றில் ஈய அசைடு. ஈய அசைடு ஈரத்தைச் சந்தித்தால் ஓர் அமில ஆவி வெளிப்படும். அது செம்பையோ பித்தளையையோ தொட்டால் செம்பு அசைடு உருவாகலாம். ஈய அசைடே தட்டினால் வெடிப்பது. செம்பு அசைடோ உரசினாலே போதும். இதற்காகவே ஈய அசைடை அலுமினியக் கிண்ணத்தில் அடைத்தார்கள். கிண்ணம் அரித்துப்போனால் அந்தப் பாதுகாப்பும் போகும். குண்டுக்குள் நிரப்பிய பிக்ரிக் அமிலமும் இப்படித்தான். முதலில் சாயம் ஏற்றப் பயன்பட்ட மஞ்சள் பொருள் அது. வெறும் இரும்போடும் ஈயத்தோடும் சேர்ந்தால் அதைவிட உணர்ச்சியுள்ள உப்புகளாக மாறும். ஆண்டுக்கணக்கில் சாரல் ஈரம் குடித்த பித்தளையில் பச்சை படிந்திருந்தால், குத்துவிளக்கில் படிந்த களிம்பைப்போல அதைப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று கை போகும். அந்தக் கையைத்தான் தடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சுடப்படாத குண்டில் இரண்டு பூட்டும் பூட்டியே இருக்கும். சுட்டும் வெடிக்காத குண்டில் இரண்டும் திறந்திருக்கும். கடைசி அசைவு ஒன்றுதான் பாக்கி. வெடிகுண்டு நிபுணர்கள் குண்டின் அடிப்பக்கத்துச் செம்பு வளையத்தை எட்ட நின்று பார்ப்பது இதற்காக. வளையம் வழவழப்பாக இருந்தால் அது பீரங்கியைக் காணாதது. குழலின் வரிகள் சாய்கோடாகப் பதிந்திருந்தால் சுடப்பட்டது. பிந்தியது மிகக் கொடியது.

2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டட வேலைசெய்த இரண்டு தொழிலாளர்களை முதல் உலகப் போரின் குண்டு கொன்றது. அந்தப் போர் தொடங்கி நூறாண்டு நிறைவதற்குச் சில மாதங்களே இருந்தன. 2004இல் உத்தரப் பிரதேசம் சாகிபாபாத்தில் ஓர் ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து பழைய இரும்போடு வந்த குண்டுகள் வெடித்துப் 10 பேர் இறந்தார்கள். 2019இல் திருப்போரூர் அருகே மானாமதியில் கோயில் குளத்தைத் தூர்வாரியபோது கிடைத்த மர்மப் பொருளைப் பார்க்க முயன்ற இளைஞர்களில் இருவர் பலியானார்கள். அவர்களுக்கு இருந்தது கெட்ட எண்ணம் இல்லை, ஆர்வம்தான். நானும் அந்த ஆர்வத்தோடுதான் கும்பத்தைக் காதோரம் வைத்து ஆட்டினேன்.

இலங்கையின் வன்னியில் இந்த அறிவு ஒரு பிழைப்பாகவே ஆகிவிட்டது. 2009க்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு, முகமாலைப் பகுதிகளில் மிதிவெடிகளையும் வெடிக்காத ஷெல்களையும் அகற்றும் பணியில் நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். பலர் போரில் கணவனை இழந்து குடும்பத்தைச் சுமந்தவர்கள். முகக்கவசம் அணிந்து, மண்டியிட்டு, வாரியால் மண்ணை விரல்கடை விரல்கடையாகச் சுரண்டி முன்னேறுவார்கள். உலோகம் தென்பட்டதும் கை நிற்கும்; கண் வேலை செய்யும். என்ன வகை என்று பார்த்துவிட்டுப் பின்வாங்கி, அதற்கென்று பயின்றவரை அழைப்பார்கள். ஃபியூஸை அடையாளம் காணும் கலையின் முழு இலக்கணமும் அந்த ஒரு பின்வாங்கலில் இருக்கிறது.

கண்ணால் சேகரிப்பவர்கள்

சேகரிக்க ஆசைப்படுகிறவர் நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘அம்யூனிஷன்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஃபியூஸையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது ‘பழைய பித்தளைதானே’ என்று சொல்லித் தப்பக்கூடிய காரியம் அல்ல. பழைய இரும்புக் கடையில், பரணில், ஆற்று மணலில் இப்படி ஒன்றைக் கண்டால் தொடக்கூடாது, தேய்க்கக்கூடாது, திருகக்கூடாது. விலகி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு 112க்கு அழைக்க வேண்டும். காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு வரும்.

இதனால் ஆர்வத்துக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை. கல்வெட்டுப் படிப்பவர் கல்லை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. படி எடுக்கிறார், படிக்கிறார், எழுதுகிறார். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு ஃபியூஸின் எண்ணையும் அளவுகோலையும் குறித்துக்கொண்டு, எந்தப் பீரங்கி, எந்த ஆண்டு, எந்தப் போர் என்று தேடிப்போவதில் கிடைக்கும் மகிழ்ச்சி, பொருளை அலமாரியில் வைத்துப் பூட்டுவதில் கிடைக்காது. நான் சேகரிப்பது படங்களைத்தான். முதல் படம் எங்கள் தெருக் கும்பம்.

பேரனிடம் அன்றே சொன்னேன்: “தம்பி, கையில எடுக்காத. வேலையாட்கள வெளிய வரச் சொல்லிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லிரு.” சொன்னான். வந்து எடுத்துப்போனார்கள். இப்போது அந்தக் கதவுக்கு அம்மிக் குழவி முட்டு.

சில நாள் கழித்து அவன் கேட்டான்: “அண்ணே, அப்ப நாம ஆட்டுனப்ப உள்ள சத்தம் கேட்டுச்சே, அது என்ன?”

அதைத்தான் படங்களில் தேடிக்கொண்டிருந்தேன். வளையங்களின் பக்கவாட்டில் வாயு வெளியேறும் சின்னத் துளைகள் உண்டு. மூடித் தகடுகள் தெறித்துப்போய் அவை திறந்து கிடந்தன. ஆகவே மருந்து எரிந்திருக்கிறது. அது சுடப்பட்ட ஃபியூஸ். ஷ்ராப்னல் குண்டு வானில் வெடிக்கும்போது தன் மூக்கை முழுதாகவே கழற்றி எறிந்துவிடும். பாலைமணலில் விழுந்த இந்த மூக்கைத்தான் சாப்பர் ஒருவர் பொறுக்கியிருக்கிறார். நேரத்தில் வெடித்துவிட்டதால் மோதலுக்கான பொறிக்கு வேலையே வந்திருக்காது. பூட்டு திறந்து, பிடி விட்டு, உள்ளே தளர்ந்து கிடந்த அந்தத் துண்டுதான் கிலுகிலுத்திருக்கிறது. அதன் முனையில் அரிசியளவு மருந்து மிச்சமிருந்திருந்தால், ஒரு விரலையோ ஒரு கண்ணையோ பறிக்க அது போதும்.

கீழ்வளையம் திரும்பி நின்ற இடத்தையும் பார்த்தேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில், ஒன்பதரை. பீரங்கிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்த யாரோ ஒருவனின் கை கடைசியாகத் திருப்பிவிட்ட எண். சுட்டு ஒன்பது பத்து விநாடியில், மெசபடோமியாவில் ஏதோ ஒரு பள்ளத்தில் பதுங்கியிருந்தவர்கள் தலைக்கு மேல் ஈய ரவைகள், 18 பவுண்டர் குண்டானால் சுமார் 375, கொட்டியிருக்கின்றன. சாரல் காற்றுக்கு எங்கள் தெருவில் ஒரு கதவைத் தாங்கி நின்ற பித்தளை, அந்த எண்ணை நூறு ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தது.